நீண்ட பயணம் போய்ட்டு வேலைக்குத் திரும்பினவங்க கேட்டதும் நான் சொன்னதும்

பதினாலு மாசம் தொடர்ந்து பயணம் பண்ணிட்டு வந்து ஆறு வருஷம் ஆகுது. போறதுக்கு முன்னாடி பார்த்த அதே ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வேலைதான் இப்பவும். அங்க கத்துக்கிட்டதுல எது வேலையில நின்னுச்சு, எது ஒரே மாசத்துல கரைஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியும், அதைப் பத்தி என்ன வேணா கேளுங்க.

கேள்வி: அக்கா, எட்டு மாசம் சுத்திட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ஆபீஸ்ல உக்காந்தா எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது. நான் மாறிட்டேனா?

பதில்: இது ரொம்ப பேருக்கு வர்றதுதான், பயப்படாதீங்க. வெளிநாடு போறவங்க மனநிலை முதல்ல உச்சத்துல இருந்து நடுவுல சரிஞ்சு அப்புறம் மேல வரும், யூ எழுத்து மாதிரின்னு 1955-ல லிஸ்கார்ட்னு ஒரு ஆய்வாளர் எழுதினார். 1963-ல கல்லஹார்ன் தம்பதி, ஊர் திரும்பினதும் இதே மாதிரி இன்னொரு சரிவு இருக்குன்னு சொல்லி அதை டபிள்யூ ஆக்கினாங்க. எல்லாருக்கும் அச்சு அசலா அப்படியே நடக்காது, ஆனா அந்த ரெண்டாவது சரிவு நான் பட்டிருக்கேன், போகும்போது எல்லாம் புதுசா இருக்கும்னு தயாராகிப் போறோம், வரும்போது நம்ம இடம்தானேன்னு எந்த தயாரிப்பும் இல்லாம வந்து இறங்குறோம், அதுலதான் அடி பலமா விழுது.

இன்னொண்ணு. பயணத்துல தப்பான பஸ்ல ஏறினா பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். வழி கேட்டோம், போனோம், கிடைச்சுது. செஞ்சதுக்கு உடனே பலன். ஆபீஸ்ல இன்னைக்கு செய்யுறது சரியா தப்பான்னு மூணு மாசம் கழிச்சுதான் தெரியும். மனசு அந்த உடனடி பதிலுக்குப் பழகிக் கிடக்கு, அது கிடைக்கலன்னதும் வேலையே அர்த்தமில்லாத மாதிரி தோணுது. அதனால கொஞ்ச நாளைக்கு தினமும் காலையில, அன்னைக்கே ஆரம்பிச்சு அன்னைக்கே முடியுற ஒரு வேலையை எடுத்து முடிங்க. சின்னதா இருந்தா போதும். எனக்கு மூணாவது வாரத்துல இதுதான் கை குடுத்துச்சு.

முக்கியமா ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க: திரும்பி வந்து மூணு மாசத்துக்கு பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க. வேலை, உறவு, வீடு எதுவானாலும் சரி.

கேள்வி: வேலையை விட்டுட்டு மறுபடி கிளம்பிடலாம்னு இருக்கேன், வந்து ஒரு மாசம் ஆச்சு. உங்க கருத்து?

பதில்: மேல சொன்னதுதான். மூணு மாசம் போகட்டும். அதுக்கு அப்புறமும் தோணுச்சுன்னா, எவ்வளவு நாளைக்கு பணம் இருக்குன்னு கணக்கு போட்டு வச்சுக்கிட்டு கேளுங்க, பேசலாம்.

கேள்வி: ஜெட் லாக் போக எத்தனை நாள் ஆகும்?

பதில்: ஒரு டைம் ஸோனுக்கு சுமாரா ஒரு நாள், கிழக்கு பக்கம் போனா இன்னும் கொஞ்சம் கஷ்டம். காலை வெளிச்சத்துல நடங்க.

கேள்வி: ஒரே பையோட வாழ்ந்தேன், அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. அதை ஆபீஸ் வேலைக்குள்ள எப்படி கொண்டு வர்றது?

பதில்: இது எனக்குப் பிடிச்ச கேள்வி. நெல்லி பிளைன்னு ஒரு பத்திரிகையாளர், 1889 நவம்பர்ல கிளம்பி 72 நாள்ல உலகத்தைச் சுத்தி வந்தாங்க, கையில ஒரே ஒரு சின்னப் பை. அதுக்குள்ளயும் ஒரு கோல்ட் கிரீம் ஜாடியை வச்சுட்டாங்க, பையை மூட விடாம அதுதான் வழி முழுக்க பாடா படுத்துச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. எல்லார் பையிலயும் அப்படி ஒரு ஜாடி இருக்கும். என் வேலையில அது ஒவ்வொரு திங்கக்கிழமையும் நான் தயார் பண்ணின ஒரு ரிப்போர்ட். ரெண்டு மணி நேரம் ஆகும். திரும்பி வந்த புதுசுல, யார் படிக்கிறாங்கன்னு மெயில்ல இருக்கிற ஒவ்வொருத்தரையும் நேரா கேட்டேன். ஒருத்தர் மட்டும் அதுல ஒரே ஒரு வரியைப் பார்ப்பேன்னார். இப்ப அந்த வரியை மட்டும் அவருக்கு அனுப்புறேன்.

பை சின்னதா இருந்ததால மட்டும் அந்த நிம்மதி வரல. தினமும் ராத்திரி பையைக் கொட்டி, திரும்ப அடுக்குவோம் பாருங்க, பாஸ்போர்ட் உள் ஜிப்ல, சார்ஜர் மேல, ஈரத்துணி தனிக் கவர்ல, இருட்டுல கைய விட்டாலும் எது எங்கன்னு கைக்குத் தெரியும், காலையில அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடலாம். அந்த அடுக்குறதைத்தான் நான் ஆபீஸுக்குக் கொண்டு வந்தேன். சாயங்காலம் கடைசி பதினஞ்சு நிமிஷம் புது வேலை எதையும் தொட மாட்டேன், திறந்து கிடக்குறதை ஒவ்வொண்ணா மூடி, நாளைக்கு முதல்ல எதை எடுக்கணும்னு ஒரு வரி எழுதி வச்சுட்டுதான் எழுந்திரிப்பேன். ஆறு வருஷமா நிக்கிற பழக்கம் இது ஒண்ணுதான்னு கூட சொல்லலாம்.

கேள்வி: பயணத்துக்கு எந்த கிரெடிட் கார்டு, எந்த இன்சூரன்ஸ் நல்லது?

பதில்: எனக்கு அதுல ஞானம் கிடையாது, தெரிஞ்ச ஆளைக் கேளுங்க. பாலிசியில எதுக்கெல்லாம் பணம் தர மாட்டாங்கங்கிற பகுதியை மட்டும் முதல்ல படிச்சிடுங்க.

கேள்வி: பயணம் எனக்கு கத்துக் குடுத்தது ஒண்ணுதான், பிளான் போடுறதே வேஸ்ட். போட்ட பிளான் ஒண்ணு கூட நடக்கல, நடந்த நல்லது எல்லாம் தானா நடந்தது. வேலையிலயும் அப்படியே இருக்கலாம்ல?

பதில்: இல்லங்க, இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். நீங்க பிளான் இல்லாம போனதா நினைக்கிறீங்க, ஆனா விசா முடியுற தேதி உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கும். புது ஊர்ல ராத்திரி இறங்குறதா இருந்தா முதல் ராத்திரி தங்க இடம் புக் பண்ணியிருப்பீங்க. ரெண்டு முனையும் இறுக்கிக் கட்டியிருந்ததாலதான் நடுவுல இஷ்டத்துக்கு அலைய முடிஞ்சுது. வேலையிலயும் நான் அதைத்தான் செய்யுறேன், முதல் நாள் என்ன, எந்த தேதிக்கு மேல பின்வாங்க முடியாது, இது ரெண்டும் கல்லுல எழுதின மாதிரி. நடுவுல இருக்கிறதை தேவைப்பட்டா வாராவாரம் மாத்துவேன்.

(அதே நண்பர்): நடுவுல மாறிட்டே இருந்தா அது பிளானே இல்லையே. நான் சொன்னதைத்தான் நீங்க சுத்தி வளைச்சு சொல்றீங்க.

பதில்: அப்படி இல்ல. எந்த வேலைக்கும் எவ்வளவு நாள் ஆகும்னு மனுஷன் குறைச்சுதான் கணக்கு போடுவான், கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1979-லயே இதுக்கு 'பிளானிங் ஃபாலஸி'ன்னு (திட்டமிடுறதுல வர்ற தப்புக் கணக்கு) பேர் வச்சு எழுதியிருக்காங்க. முன்னாடி இதே மாதிரி வேலைக்கு நிஜமா எவ்வளவு நாள் ஆச்சுன்னு பாருங்கங்கிறதுதான் அதுக்கு மருந்து. பிளானே போடலன்னா ஒப்பிட்டுப் பார்க்க உங்க கையில எதுவும் இருக்காது, அடுத்த தடவையும் அதே தப்பு நடக்கும்.

(இன்னொருத்தர்): உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு. தனியா பயணம் போனவங்களுக்கு நடுவுல மாத்துறது சுலபம். என் டீம்ல நான் செவ்வாய்க்கிழமை குடுப்பேன்னு நம்பி நாலு பேர் உக்காந்திருக்காங்க. நான் நடுவுல மாத்தினா அவங்க ராத்திரி முழிக்கணும்.

பதில்: இது நியாயம். நான் இதை சரியா சொல்லல. வந்த முதல் வருஷம் நானே இப்படி இஷ்டத்துக்கு மாத்திட்டு இருந்தேன், ஒரு பொண்ணு ரெண்டு தடவை வீட்டுக்கு லேட்டாப் போனதுக்கு அப்புறம் நேரா வந்து, "நீங்க மாத்துறது எனக்கு கடைசியாத்தான் தெரியுது"ன்னு சொல்லிட்டா. அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. கூட ஆள் வர்ற பயணத்துல, நான் இறங்குற ஸ்டேஷனை மாத்தினா அடுத்த கோச்ல இருக்கிறவங்களுக்கு முதல்ல சொல்லணும்ல, அதே கதைதான். இப்ப அடுத்தவங்க கைக்குப் போற எந்த தேதியும் முனைக் கணக்குல சேர்ந்துடும். மாத்தணும்னா அவங்களைக் கேட்டுட்டுதான்.

(முதல் நண்பர்): சரி, அடுத்தவங்க கைக்குப் போற தேதி வரைக்கும் ஒத்துக்கிறேன். மத்தது என் கருத்துதான்.

பதில்: சரி, அதோட நிக்கட்டும்.

கேள்வி: கடற்கரையில உக்காந்திருந்தப்போ ஒரு பிசினஸ் ஐடியா வந்துச்சு, வந்த உடனே ராஜினாமா லெட்டர் எழுதிட்டேன், அனுப்பட்டுமா?

பதில்: மூணு மாசம். இன்னைக்கு எத்தனையாவது தடவை சொல்றேன்னு தெரியல. லெட்டரை வச்சுட்டு, ஐடியாவுக்கு காசு குடுக்கிற ஒரு ஆளை சனி ஞாயிறுல தேடுங்க.

கேள்வி: வேலையை விடுறதைப் பத்தி ஒரு சந்தேகம்...

பதில்: மேல படிங்க.

கேள்வி: டயரி நிறைய எழுதினேன், இப்ப அலமாரியில கிடக்கு. அதால வேலைக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

பதில்: டார்வின் பீகிள் கப்பல்ல 1831-ல இருந்து 1836 வரைக்கும் போனார், அப்புறம் வெளிநாட்டுப் பக்கமே போகல. இறங்கின இடத்துல சட்டுனு கிறுக்க சின்ன நோட்டு, அதை வச்சு உக்காந்து விரிவா எழுத தனி டயரி. தன் கொள்கையை அவர் புத்தகமா வெளியிட்டது 1859-ல. எழுதி வச்சதை அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார், நாம பார்க்கிறதில்ல. வாரத்துக்கு ஒரு பக்கம் படிங்க. கோயிலும் மலையும் இருக்கிற பக்கத்தை விடுங்க, நீங்க மாட்டிக்கிட்டு முழிச்ச நாளைப் படிங்க, அன்னைக்கு எப்படி வெளிய வந்தீங்கங்கிறதுதான் வேலைக்கு உதவும்.

கேள்வி: இன்டர்வியூல அந்த ஒரு வருஷ இடைவெளியைக் கேட்டா?

பதில்: "என்னையே கண்டுபிடிச்சேன்"னு மட்டும் சொல்லாதீங்க. செஞ்சதைச் சொல்லுங்க. பாஷை தெரியாத இடத்துல உடம்பு சரியில்லாத கூட்டாளியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா, பன்னெண்டு மாசம் பட்ஜெட்டுக்குள்ள இருந்தீங்களா, அது போதும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசாதீங்க.

கேள்வி: நான் மட்டும் போய்ட்டு வந்தேன் அக்கா, வீட்டுக்காரர் வரல. நான் அங்க நடந்ததை ஆரம்பிச்சாலே அவர் போனை எடுத்துடறார். வலிக்குது.

பதில்: வலிக்கும்மா. எனக்கும் நடந்திருக்கு, வீட்டுல, ஆபீஸ்ல, ரெண்டு இடத்துலயும். யுவான் சுவாங் 645-ல திரும்பி வந்தப்போ பேரரசரே உக்கார வச்சு கதை கேட்டார், நமக்கு அப்படி யாரும் கேக்கப் போறதில்ல. ஆனா நீங்க இல்லாத அந்த மாசங்கள்ல அவருக்கும் ஒரு கதை இருக்கும். வீட்டை ஒத்தையா பார்த்துக்கிட்டது, ராத்திரி பேச ஆள் இல்லாம இருந்தது. அதை நீங்க கேட்டீங்களா? வழியில பஸ்ல பக்கத்துல உக்காந்த முன்னபின்ன தெரியாத ஆள்கிட்ட எவ்வளவு ஆர்வமா கேட்டிருப்பீங்க, அதே மாதிரி நடுவுல உங்க கதையை நுழைக்காம இன்னைக்கு ராத்திரி அவரைக் கேளுங்க. போட்டோ எல்லாம் அடுத்த வாரம் காட்டிக்கலாம்.