காவிரி டெல்டாவில் ஐந்து நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: கோவையிலிருந்து அப்பா, அம்மாவுடன் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஐந்து நாள் வருகிறோம். நவக்கிரகச் சுற்றுலா வேண்டாம். சோழர் காலக் கோயில்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். எங்கே தங்குவது, எந்த வரிசையில் போவது?

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். வெளியூரிலிருந்து உறவுக்காரர்களோ நண்பர்களோ வந்தால் கூடப் போய்க் காட்டுகிற வேலை பெரும்பாலும் எனக்குத்தான் வரும், நானும் சந்தோஷமாகப் போவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு இரண்டு கோயிலுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இங்கே பெரும்பாலான கோயில்களில் மதியம் பன்னிரண்டு மணி சுமாருக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். நடை திறந்தே இருந்தாலும் வெயிலில் கருங்கல் தளத்தில் அம்மாவால் கால் வைக்க முடியாது. கூட்டிப்போகும் வண்டிக்காரர் "இன்னும் ரெண்டு பாத்துடலாம் சார்" என்று சொல்லத்தான் செய்வார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தங்குவதற்கு இரண்டு ராத்திரி தஞ்சாவூர், அடுத்த இரண்டு ராத்திரி கும்பகோணம். கோவையிலிருந்து மயிலாடுதுறை போகிற ஜன சதாப்தி இரண்டு ஊரிலும் நிற்கும். காலையில் ஏறினால் மதியவாக்கில் தஞ்சாவூரில் இறங்கிவிடலாம்.

முதல் நாள் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து, அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்கு மட்டும் போங்கள். பெரிய கோயிலை அன்றைக்கே பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர், அதாவது காளைமேல் கைசாய்த்து நிற்கும் சிவனின் செப்புத் திருமேனி இருக்கிறது, ராஜராஜன் காலத்தில் 1011-இல் செய்தது. பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய காளை இப்போது இல்லை. அதன்மேல் சாய்ந்த கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. தலையில் பாம்பைச் சேர்த்துச் சுற்றிய தலைப்பாகை போன்ற சடை, ஒரு காலை மடக்கிக் குறுக்கே வைத்த நிற்பு. முன்னால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் பக்கவாட்டில் போய் இடுப்பின் வளைவையும் பாருங்கள். தாராசுரத்திலிருந்து கொண்டுவந்த கல் சிற்பங்களும் அங்கே உண்டு. பிச்சை எடுக்க வந்த சிவனான பிட்சாடனரையும் அவரைப் பார்த்து மயங்கி நிற்கும் ரிஷிபத்தினிகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் நான்காம் நாள் தாராசுரத்தில் உதவும். பழைய நூலகமான சரஸ்வதி மகாலின் காட்சிக்கூடம் அதே வளாகத்தில்தான். நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் காலையில் புள்ளமங்கை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில், அய்யம்பேட்டைக்கு முன்னால், பசுபதிகோயிலை ஒட்டிய சின்ன ஊர். முதலாம் பராந்தகன் காலத்து பிரம்மபுரீஸ்வரர் கோயில், அதாவது பெரிய கோயிலுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது. பெரிய கோயிலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். அந்த உயரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் கண் இந்தச் சின்னச் சிற்பங்களில் தங்காது.

புள்ளமங்கையில் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்தால் நேர் கண்ணுக்கு வரும் உயரத்தில், வரிசையாகக் குட்டிக் குட்டிப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கும். உள்ளங்கை அளவுதான். ராமாயணக் காட்சிகள், சிவனின் திருவிளையாடல்கள். இந்தத் துளி இடத்துக்குள் யானைத்தோலைப் பிய்த்துக்கொண்டு எழுகிற சிவனின் உடம்பை முறுக்கி வைத்திருக்கிறான் சிற்பி. காலையில் சாய்வாக வெயில் விழும்போது ஒவ்வொரு விரலும் தனியாகத் தெரியும். வடபுறத்துத் துர்க்கையிடம் அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். குடை நிழலில், இருபுறமும் சிங்கமும் மானும் இருக்க, எருமைத் தலைமேல் நிற்கிறாள். இந்த டெல்டாவில் எத்தனையோ துர்க்கைகள் இருந்தாலும் எனக்கு இவள்தான் முதல். கோயில் சில நேரம் பூட்டியிருக்கும். பக்கத்து வீடுகளில் விசாரித்தால் குருக்கள் எங்கே என்று சொல்வார்கள். அவர் வந்து திறந்துவிட்டால் தட்டில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள். இந்த மாதிரிச் சின்னக் கோயில்களில் விளக்கு எரிவது இப்படிப்பட்ட மனிதர்களால்தான்.

மதியம் ரூமுக்குத் திரும்பி ஓய்வு. நான்கு மணிக்குப் பெரிய கோயில்.

கருவறைக்கு மேலே எழும் கோபுரமான விமானத்தின் உயரம் சுமார் 216 அடி, 1010-இல் கட்டி முடித்தது, 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதெல்லாம் பலகையிலேயே இருக்கும். நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். சாயங்காலம் விமானத்தின் நிழல் கிழக்கே நந்தியை நோக்கி நீண்டு விழுவதை நீங்களே பார்க்கலாம். உச்சிக்கல் பல துண்டுகளைப் பொருத்திச் செய்தது. அந்தக் கதைகள் இல்லாமலேயே இந்தக் கோயில் ஆச்சரியம்தான். வண்டல் மண் பூமியான டெல்டாவில் கருங்கல் கிடையாது, இத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது.

அன்று சாயங்காலம் சும்மா சுற்றி வந்து, புல்தரையில் உட்கார்ந்து, விமானம் நிறம் மாறுவதைப் பாருங்கள். வேலையை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடை திறந்தவுடன் போய்விட்டால் கூட்டம் இருக்காது. விமானத்தின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. சோழர் எழுத்து என்றாலும் க, ப, ம, ன எல்லாம் கொஞ்சம் பழகினால் பிடிபடும். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் சொல்லும் வரி அங்கேதான் இருக்கிறது. நான் கொடுத்தது, என் அக்கா குந்தவை கொடுத்தது, என் மனைவிமார் கொடுத்தது, இன்னும் மற்றவர்கள் கொடுத்தது, எல்லாவற்றையும் கல்லிலே வெட்டு என்கிறான். அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் கோயிலில் ஆடிய சுமார் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு, ஒவ்வொருத்திக்கும் வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்று எல்லாம் பதிந்திருக்கிறது. ஒரு பேரரசன் தன் பெயர் இருக்கும் கோயிலிலேயே நடனமாடிய பெண்களின் பெயரையும் வீட்டையும் வெட்டி வைத்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு நிறைந்துவிடும்.

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் ஓவியங்களும், அதற்கு மேல்தளத்தில் நாட்டிய நிலைகளைக் காட்டும் 81 கரணச் சிற்பங்களும் உண்டு. மொத்தம் 108 கரணங்களில் மீதிக்குக் கல் மட்டும் நிறுத்தி, செதுக்காமலே விட்டிருக்கிறார்கள். இரண்டையும் பொதுமக்கள் பார்க்க முடியாது. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931-இல்தான் தெரியவந்தது. கோயிலுக்குள் இருக்கும் காட்சிக்கூடத்தில் படங்களாக வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிடுங்கள்.

அந்த மூன்றாம் நாளே மதியத்துக்கு மேல் திருவையாறு வழியாகக் கும்பகோணம் கிளம்பலாம். நேர்சாலையைவிட இது சுற்றுதான், ஆனாலும் வண்டியை இப்படி விடச் சொல்லுங்கள். தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்டுவீர்கள். ஐயாறப்பர் கோயில், அப்புறம் ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி. தை மாதம் ஆராதனை நாட்களில் அங்கே நிற்க இடம் இருக்காது, மற்ற நாட்களில் நீங்களும் ஆறும்தான். பாசிப்பருப்பில் செய்கிற அசோகா அல்வாவைச் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். அங்கிருந்து கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம் வழியாக வாழைத்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே கும்பகோணம் வந்துவிடலாம்.

நான்காம் நாள் காலை சீக்கிரம் கிளம்பிக் கங்கைகொண்ட சோழபுரம். திருப்பனந்தாள், அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். அணைக்கரையில் வண்டியை ஓரமாக நிறுத்தி அந்தக் கீழணையைப் பாருங்கள். 1836-இல் வெள்ளைக்காரர்கள் அதைக் கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட்டார்கள். பாசனத்துக்கு அணை தேவைதான். இருந்தாலும் அந்தக் கோயிலின் இடிந்த மதிலைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

ராஜேந்திரன் இந்தக் கோயிலைத் தன் அப்பா ராஜராஜன் தஞ்சாவூரில் கட்டியதைவிட உயரம் குறைவாகத்தான் கட்டினான். தஞ்சை விமானம் நேராக விறைப்பாக ஏறும். இது உள்பக்கம் லேசாகக் குழிந்து வளைந்து ஏறும். ஒரே வாரத்தில் இரண்டையும் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் கண்ணில் படும். வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் போங்கள். ஒருபுறம் சரஸ்வதி, மறுபுறம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் உமையோடு உட்கார்ந்து, காலடியில் கைகூப்பியிருக்கும் சண்டேசரின் தலையில் தன் கையாலேயே பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். மாலையைச் சுற்றும் அந்த விரல்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அப்பாவாகட்டும் ஆசிரியராகட்டும், பெரியவர் ஒருவர் தலையில் கைவைத்தால் தோள் தளர்ந்து தலை தானாகக் குனியுமே, அந்தக் குனிவு சண்டேசரின் கழுத்தில் இருக்கிறது. ராஜேந்திரன் தன்னையே அந்த இடத்தில் வைத்துக்கொண்டான் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. சண்டேசர் பிறந்த சேய்ஞலூர் இன்றைய சேங்கனூர், நீங்கள் கடந்து வந்த திருப்பனந்தாளுக்குப் பக்கம்தான். பக்கத்து ஊர்ப் பையனின் கதையைத்தான் பேரரசன் தன் தலைநகரத்துக் கோயிலில் வைத்தான்.

சாயங்காலம் தாராசுரம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டாம் ராஜராஜன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ஐராவதேஸ்வரர் கோயில். அவனுடைய அப்பா இரண்டாம் குலோத்துங்கன் அவையில்தான் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார். அது பாடி ஒரு தலைமுறை ஆவதற்குள், நாயன்மார் கதைகளைக் கருவறையைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குள் வரிசையாகச் செதுக்கிவிட்டார்கள். உங்களுக்கென்றே ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்து அவிநாசியில், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை தெரியும்தானே? அந்தச் சிற்பம் இங்கே இருக்கிறது, முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறான். குனிந்து தேடுங்கள். அம்மா கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேர்போல் சக்கரமும் குதிரையும் பூட்டிய ராஜகம்பீரன் மண்டபம், ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பம் எல்லாவற்றையும் வழிகாட்டிகள் காட்டுவார்கள். தட்டினால் ஸ்வரம் எழும் படிகளுக்கு இப்போது கம்பித்தடுப்பு போட்டிருக்கிறார்கள், நல்லதுதான். தூண்களில் விபூதி, குங்குமம், எண்ணெய் எதையும் தடவாதீர்கள், யாராவது தடவினால் தன்மையாகச் சொல்லுங்கள். ஒரு ஊரில் திருப்பணி என்று சொல்லிக் கல்வெட்டின் மேலேயே பெயிண்ட் அடித்திருந்ததைப் பார்த்து நான் கொதித்துப் போயிருக்கிறேன். ஆயிரம் வருஷம் நின்றது ஒரு டப்பா பெயிண்டில் போய்விடுகிறது.

கடைசி நாள் காலையில் நாகேஸ்வரன் கோயில். முதலாம் ஆதித்தன் காலத்தது. சுவரின் மாடங்களில் நிற்கிற ஆண்களும் பெண்களும் யார் என்று இன்றுவரை பேச்சு நடக்கிறது. அந்த முகங்கள் அத்தனை உயிரோடு இருக்கும். பிறகு சுவாமிமலையில் ஒரு பட்டறைக்குப் போய் மெழுகு வார்ப்பைப் பாருங்கள். மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும், அதனால் அதே அச்சில் இன்னொன்று வராது. முதல் நாள் கலைக்கூடத்தில் பார்த்த ரிஷபவாகனரும் இந்த முறையில் பிறந்தவர்தான். மதியத்துக்கு மேல் கும்பகோணத்திலேயே ரயில் ஏறிவிடலாம்.

சிதம்பரம், தரங்கம்பாடி, நாகூர் மூன்றையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். இன்னும் ஒரு நாள் கூட்ட முடிந்தால் திருவாரூர் மட்டும். வேலி என்பது பழைய நில அளவு; கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்வார்களே, அந்தக் குளமான கமலாலயத்தின் கரையில் நின்றால் அது மிகைப்பேச்சு இல்லை என்று தெரியும். தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை ஓவியமாக இருக்கிறது, கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம்.

எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். தாராசுரம் தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் சுற்றிலும் தண்ணீர் தேங்கி நிற்கும், சிற்ப வரிசைக்குப் பக்கத்தில் போக முடியாது. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்லது. பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பெரிய கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த நாட்களில் பிரதோஷமோ திருவிழாவோ வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.