கேமராவில் படம் தெரிகிறது, மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘ஃபார்மட் செய்யவா’ (கார்டைத் துடைத்துக் காலியாக்கவா) என்று கேட்கிறது. என்ன செய்வது?

முதலில், யார் சொன்னாலும் ஃபார்மட் அழுத்தாதீர்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள்.

கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டால் எல்லாப் படமும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும். கோளாறு கார்டைச் செருகும் ரீடரிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கலாம். கேமராவை நேராகச் செருகினால் எதுவுமே வரவில்லை என்கிறீர்களே, அது பெரும்பாலும் கேபிள்தான். போன் சார்ஜரோடு வரும் சில கேபிள்களில் கரண்டு போகும் கம்பி மட்டுமே இருக்கும், படம் போக வழியே கிடையாது. வேறு கேபிளைச் செருகி, அப்புறம் கேமராவை ஆன் செய்து பாருங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பாலக்கோடு பக்கம் விசேஷங்களுக்குப் படம் எடுப்பவன் நான். சில வருடம் முன்பு ஒரு காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் காலையில் மொட்டை, பதினொரு மணிக்குக் காது குத்தி முடித்தார்கள். ஓசூரிலிருந்து தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்திருந்தார். சாயங்காலமே பென்டிரைவில் படம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். என் லேப்டாப் சர்வீஸில் இருந்ததால் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். சிபியூ முன்பக்க ரீடரில் அழுக்கு அடைந்து கிடந்தது. கார்டைப் போட்டதும் இதே கேள்விதான் வந்தது. நான் பர்ஸிலிருந்து பணம் எடுத்து நிமிர்வதற்குள் பையன் அழுத்திவிட்டான். “கார்டு காலியா இருக்குண்ணா” என்றான்.

தொழில்காரன் இன்னொரு கார்டில் பேக்கப் வைத்திருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். என் கேமராவில் ஒரு கார்டுதான் போட முடியும். விசேஷ வீட்டில் நின்று படம் எடுத்தவர்களுக்கு மற்றது புரியும்.

நல்லவேளை, அது குவிக் ஃபார்மட். அதில் படங்களின் பட்டியல்தான் அழியும், புதிதாக எதையும் எழுதாதவரை படம் கார்டிலேயே கிடக்கும். நண்பர் ஒருவர் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டார். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, வேறு டிஸ்க்கில்தான் போட வேண்டும். பழைய பெயர் எதுவும் இல்லாமல் வெறும் எண்களாக வந்தன. நிறைய நல்லபடியாக வந்தன. வீடியோ எதுவும் ஓடவில்லை. முக்கியமான ஒரு படத்தில் குழந்தையின் அழுகிற முகமும், காதோரம் ஆசாரியின் இரண்டு விரலும் தெளிவாக இருந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். குழந்தை உட்கார்ந்திருந்த மாமன் மடி அதில் இல்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் என்னைத்தான் சொல்கிறார்கள்.

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் சின்ன லாக் இருக்கிறதல்லவா? அடுத்தவர் கம்ப்யூட்டரில் போடும் முன் அதைக் கீழே தள்ளிவிடுங்கள். பெரும்பாலான ரீடர்களில் அப்புறம் ஃபார்மட் செய்யவே முடியாது, படத்தை மட்டும் காப்பி எடுக்கலாம். நான் அன்று அதைத் தள்ளவில்லை. மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரில் அந்த லாக் இருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். நான் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்துக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் பெரிதாக்கிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே படம் சுருங்கிவிடும், ஃப்ளெக்ஸில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். இறந்தவரின் முகம் அது. எனக்கு ஒரு போன் செய்தால் முழு அளவுப் படத்தைக் காசில்லாமல் கொடுப்பேன். யாரும் கேட்பதில்லை.

சரி, புது ரீடர் ஒன்று வாங்கி, லாக்கைத் தள்ளிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் கேட்டால் கேமரா மாடலும் கார்டு எத்தனை ஜிபி என்பதும் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.