ஷீட் காத்துல பறக்குதா? சிலிகான் டப்பாவை முதல்ல கீழ வைங்க

உடுமலைப்பேட்டை பக்கம் குழித்தட்டு நாத்துப்பண்ணை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் கேட்டிருக்காருங்க. போன ஆடியில கூரையோட மேக்கு ஓரத்துல மூணு பாலிகார்பனேட் ஷீட் (வெளிச்சம் விடுற கெட்டி பிளாஸ்டிக் தகடு) பிச்சுக்கிட்டு போயிருச்சாம், புதுசு போட்டு சுத்தியும் இடுக்கு அடைக்கிற சிலிகான் பசை அடிச்சு வச்சிருக்காராம், இந்த வருஷம் தாங்குமான்னு.

தாங்காதுங்கண்ணா. சிலிகான் மழைத்தண்ணிய தடுக்கும், அவ்வளவுதான். அதுவும் வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான்னா சுரண்டி எடுத்துருங்க, பாலிகார்பனேட்டுக்கு அது ஆகாது, நியூட்ரல் சிலிகான்னு கேட்டு வாங்கணும்.

பாலக்காட்டுக் கணவாய் காத்து ஷீட்டை அமுக்கி உடைக்குதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா கூரைக்கு மேல ஓடுற காத்து உறிஞ்சித் தூக்கும், ஓரம், மூலை, முகடு இந்த மூணு இடத்துலதான் இழுப்பு ஜாஸ்தி. வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்கு. அதனால ஓரத்துல ஸ்க்ரூவை நடுவுல இருக்கிறதை விட பாதி இடைவெளியில போடுங்க, ரப்பர் வச்ச அகல வாஷரோட, மேல அலுமினியப் பட்டை ஒண்ணு நீளத்துக்கும் ஓடட்டும். ஓட்டை மட்டும் ஸ்க்ரூவை விட 3, 4 மில்லி பெருசா இருக்கணும், ஏன்னா 3 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 6 மில்லி நீளும், இறுக்கி முறுக்கி வச்சா அந்த இடத்துலயே விரிசல் விடும்.

இந்த புரோக்கருங்க இருக்காங்களே, 50 சதவீத அரசு மானியம் நானே வாங்கித்தர்றேன்னு வந்து, மெல்லிசு பைப்பு, பட்டை இல்லாம வெறும் ஸ்க்ரூன்னு போட்டுட்டு, "ஷீட்டுக்கு பத்து வருஷம் வாரண்டி சார்"னு சொல்லிட்டு போயிருவாங்க. அந்த வாரண்டி பெரும்பாலும் மஞ்சளாகுறதுக்குத்தான், பறந்து போனதுக்கு இல்லீங்க, பேப்பரைப் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. மானியத்துக்காக ஆய்வுக்கு வர்ற அதிகாரிங்களும் டேப் புடிச்சு சதுர மீட்டர் அளப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, ஒரு ஸ்க்ரூவைக் கூட ஆட்டிப் பார்த்து நான் பார்த்ததில்ல. எத்தனை மீட்டிங்ல கத்தியாச்சு! பயிர் காப்பீடும் பயிருக்குத்தான், கூரைக்கு வராது.

காத்து கிளம்புறப்ப கதவு, ஜன்னல், சைடு கர்ட்டன் எல்லாம் மூடிருங்க. ஒரே ஒரு நேரத்துல மட்டும் வேண்டாம்: மேக்கால, அதாவது காத்து வர்ற பக்கம் ஒரு ஷீட் ஏற்கனவே போயிருச்சுன்னு வைங்க, உள்ள நுழைஞ்ச காத்து வெளிய போக வழியில்லாம குடையைத் தூக்குற மாதிரி மொத்தக் கூரையையும் தூக்கும், அப்ப கிழக்கால கதவைத் திறந்து விட்டுருங்க, மறுபடி சொல்றேன், கிழக்கால மட்டும், மேக்கால எதையும் திறக்கக் கூடாது, மேக்கு முழுசா இருக்குன்னா கிழக்கையும் தொட வேண்டாம். காத்து அடங்குற வரைக்கும் மேல ஏறாதீங்க.

மேக்கால செவுரு கட்டலாமான்னும் கேட்டிருந்தீங்க. வேண்டாம், காத்து செவுரைத் தாண்டி சுழிச்சுக்கிட்டு கூரையில விழும். சவுக்கு ரெண்டு வரிசை நடுங்க, அது வளர்ற வரைக்கும் 50 சதவீத நிழல்வலை போதும். வலையை தனிக் கம்பம் நட்டு கட்டுங்க, பண்ணை பைப்புலயே கட்டுனா அந்த இழுவையும் அதே பைப்புக்குத்தான் போகும்.