மேடையில் அந்தக் ‘கு’வைக் காட்டுங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் நான்கு வருடமாக வெப் டெவலப்பர் வேலை பார்க்கிறேன். போன வருடம் பெங்களூரில் ஒரு கான்ஃபரன்ஸுக்குப் போனேன். இரண்டு நாளும் யாரிடமும் பேசவில்லை. டீ இடைவேளையில்கூட ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பினேன். இந்த வருடம் ஏதோ தைரியத்தில் நானே பேசுவதாக விண்ணப்பித்தேன். 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மஞ்சள் ஏல விலையைக் காட்டும் தமிழ்ப் பக்கம் ஒன்று பழைய ஆண்ட்ராய்டு போன்களில் திறக்கவே நேரமெடுத்தது. ஃபான்ட் கோப்பைச் சுருக்கினோம். வேகம் வந்தது, ஆனால் ‘கு’, ‘கூ’ எல்லாம் உடைந்துவிட்டன. பிறகு எப்படிச் சரிசெய்தோம் என்பதுதான் என் தலைப்பு. இப்போது தூக்கமே வரவில்லை. என் ஆங்கிலம் சுமார்தான். “இதெல்லாம் ஒரு விஷயமா? அங்கே பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள்” என்கிறார் டீம் லீடர். ‘வர இயலவில்லை’ என்று மெயில் எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன். அனுப்பிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம், அனுப்பாதீர்கள். டிராஃப்டிலிருந்தும் அழித்துவிடுங்கள். அது அங்கே இருக்கும்வரை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

முதலில் “இதெல்லாம் ஒரு விஷயமா” என்ற கேள்வியைப் பார்ப்போம். வெப் ஃபான்ட், அதாவது பக்கத்தோடு சேர்ந்து இறங்கும் எழுத்துரு, வந்து சேரும்வரை பல பிரவுசர்கள் எழுத்தை மறைத்துவைக்கும், 3 விநாடி வரைகூட. மண்டியில் சிக்னல் மோசமான இடத்தில் நிற்கும் ஒரு வியாபாரிக்கு அந்த 3 விநாடியும் வெள்ளைத் திரைதான். விலை வந்திருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் அதைக் கவனித்தீர்கள், கோப்பைச் சுருக்கினீர்கள். அப்புறம் வந்தது நம் எழுத்துக்கே உரிய சிக்கல். நாம் 247 எழுத்து என்று எண்ணிப் படித்தோம். ஆனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கான முதன்மைத் தொகுதியில் இருப்பதே 128 இடம், அதிலும் பல காலியாக இருக்கின்றன. ‘கு’ என்று தனி எழுத்து அங்கே கிடையாது. ‘க’வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இந்தச் சேர்ந்த வடிவத்தைப் போடு என்ற விதி ஃபான்டுக்குள் இருக்கிறது. சுருக்கும்போது அந்த விதியும் வடிவமும் களைந்து போனால், ‘க’ ஒரு பக்கம், குறி ஒரு பக்கம் என்று நிற்கும்.

இதே தலைவலி கன்னடத்துக்கு உண்டு, மலையாளத்துக்கு உண்டு, வங்காளத்துக்கும் இந்திக்கும் உண்டு. பெங்களூர் அரங்கில் உட்காரப் போகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் தாய்மொழியில் ஒரு பக்கமாவது கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் நாளை கட்டுவார்கள். இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. தேர்வுக்குழு ஒன்றும் உங்கள் மேல் இரக்கப்பட்டு இடம் தரவில்லை. வந்த விண்ணப்பங்களைப் படித்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

பெரிய ஆட்கள் என்றால் யார்? வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயைவிடப் பெரிய ஆள் நம் தொழிலில் இல்லை. 1991இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் ஹைபர்டெக்ஸ்ட், அதாவது இணைப்புகளால் கோத்த எழுத்து, பற்றிய கான்ஃபரன்ஸ் நடந்தது. அவரும் ராபர்ட் கையோவும் அதற்கு அனுப்பிய கட்டுரையை ஏற்கவில்லை. செய்துகாட்டுவதற்கு மட்டும்தான் இடம் கிடைத்தது. அவர்கள் போனார்கள், செய்துகாட்டினார்கள். உங்களுக்கு 20 நிமிடமும் மேடையும் கொடுத்திருக்கிறார்கள். அதை வேண்டாம் என்று நீங்களே சொல்லலாமா?

இன்னொருவர் ரையன் டால். 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கான்ஃபரன்ஸ் மேடையில், சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓடவைக்கும் நோட் ஜேஎஸ்ஸை அறிமுகப்படுத்தினார். இன்று அது இல்லாத வெப் நிறுவனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் 2018இல் அதே பெர்லினில், அதே கான்ஃபரன்ஸில் பேசியதுதான். நோட் ஜேஎஸ்ஸில் தான் செய்த எந்த 10 விஷயங்களுக்காக வருந்துகிறேன் என்று வரிசையாகச் சொன்னார். டீனோ என்ற அவருடைய அடுத்த படைப்பும் அந்தப் பேச்சில்தான் அறிமுகமானது. தான் தவறிய இடத்தை இப்படித் திறந்து சொல்லும் பேச்சைத்தான் மற்ற டெவலப்பர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆகவே ‘கு’ உடைந்த பகுதியைச் சுருக்கிவிட்டு வெற்றியை மட்டும் சொல்லாதீர்கள். உடைந்த ‘கு’வைத் திரை முழுக்கப் பெரிதாகப் போடுங்கள். அது யார் கண்ணில் முதலில் பட்டது? வியாபாரி யாராவது போன் செய்தாரா? அன்று ராத்திரி நீங்கள் என்ன நினைத்தீர்கள்? அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

சரி, ஆங்கிலம். என் முதல் பேச்சில் நடந்ததைச் சொல்கிறேன். 2013, பெங்களூர். ஒரு ராத்திரி முழுக்க எங்கள் சர்வர் விழுந்து கிடந்த கதைதான் தலைப்பு. முழுப் பேச்சையும் ஆங்கிலத்தில் எழுதி, வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்றாவது நிமிடம் ஒரு வரி மறந்தது. அந்த வரி இல்லாமல் அடுத்த வரி வரவில்லை. அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மைக்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது, அது ஒலிபெருக்கியிலும் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், கேள்வி நேரத்துக்குக் காத்திருக்காமல், “அந்த ராத்திரி முதலில் எதைத் திறந்து பார்த்தீர்கள்?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல மனப்பாடம் தேவைப்படவில்லை. எனக்கு நடந்தது, எனக்குத் தெரியும். சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்ததைச் சொன்னேன், அதில் என்ன இருந்தது என்று சொன்னேன், அப்படியே மீதிப் பேச்சும் வந்துவிட்டது. இலக்கணப் பிழைகள் நிறைய இருந்திருக்கும். வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. லாக் ஃபைலைப் பற்றித்தான் கேட்டார்கள். அந்தப் பெண் யார் என்று இன்றுவரை தெரியாது. அவருக்கு நான் பட்ட கடன்தான் இந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். வீட்டில் அம்மாவிடமோ தோழியிடமோ, கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரிடம் சொன்னால் இன்னும் நல்லது. அவர் எந்த இடத்தில் “அப்புறம்?” என்று கேட்கிறார், எந்த இடத்தில் கண் வேறு பக்கம் போகிறது என்று கவனியுங்கள். கதையின் போக்கு அங்கேயே சரியாகிவிடும். பிறகு அதே போக்கில், உங்களுக்கு வரும் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனதில் நிறுத்துங்கள், போதும். ஆட்கள் முன்னால் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டுமானால் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்கள் கூடும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்கள் இணையவழியே தமிழில் நடக்கின்றன. ஈரோட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். சென்னைப் பக்கம் வந்தால் 1998 முதல் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கிறது. புதிதாகப் பேச வருகிறவர்களை முகம் சுளிக்காமல் கேட்பவர்கள் இந்தக் குழுக்களில் உண்டு. தமிழில் ஒருமுறை பேசியபின் உங்கள் பயத்தில் பாதி ஆங்கிலத்தால் வந்ததல்ல என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஸ்லைடுகள் விஷயத்தில் உங்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஓர் ஆபத்து இருக்கிறது. அமைப்பாளர்களின் லேப்டாப்பில் உங்கள் கோப்பைத் திறக்கச் சொல்வார்கள். அதில் உங்கள் தமிழ் ஃபான்ட் இல்லாவிட்டால், சரியான ‘கு’ என்று நீங்கள் காட்டப் போகும் எழுத்து மேடையிலேயே வேறு உருவில் வந்து நிற்கலாம். ஆகவே பிடிஎஃப் ஆக்கி ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் மெயிலிலும் ஒரு பிரதி வையுங்கள். அரங்கத்து வைஃபையை நம்பி எதையும் நேரடியாகத் திறந்துகாட்டாதீர்கள். அந்தப் பழைய போனில் பக்கம் முன்பு எப்படித் திறந்தது, இப்போது எப்படித் திறக்கிறது என்று இரண்டு வீடியோ எடுத்து அருகருகே ஓடவிடுங்கள். அந்தச் சில விநாடி நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். கோட் காட்டினால் ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்தப் பக்கம் உங்கள் நிறுவனத்தின் வேலை, அதனால் என்னென்ன காட்டலாம் என்று மேலாளரிடம் மெயிலில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. வியாபாரிகளின் பெயரும் போன் எண்ணும் திரையில் வரக்கூடாது. ரயில் செலவையும் தங்கும் செலவையும் அமைப்பாளர்கள் தருவார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம். பல இடங்களில் முதலில் நாம் செலவழிக்க வேண்டும், பிறகுதான் பணம் வரும். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி நேரம் பற்றியும் பயப்படுவீர்கள் என்று நினைக்கிறேன். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம். “வெளியே உட்கார்ந்து பார்க்கலாமா” என்று சேர்த்துச் சொன்னால் அதுவே நல்ல பதில்.

கடைசியாக, நீங்கள் ஓரமாக நின்ற அந்த இரண்டு நாள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். அரங்குக்குள் நடப்பதைப் பிறகு வீடியோவிலும் பார்த்துக்கொள்ளலாம். நடைவழியில் நடக்கும் பேச்சுக்குப் பதிவு கிடையாது. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டுதோறும் ஃபாஸ்டெம் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் கான்ஃபரன்ஸ் நடக்கும். கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. அதனால் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், கதவில் அறிவிப்பு மாட்டிவிடுவார்கள். ஒருமுறை நான் ஆசைப்பட்டுப் போன அறையின் கதவும் மூடிவிட்டது. வெளியே என்னைப் போலவே மாட்டிக்கொண்டவர்கள் நாலைந்து பேர் நின்றோம். எல்லோரும் ஒரே தலைப்பைக் கேட்க வந்தவர்கள் அல்லவா, பேச்சு தானாக ஆரம்பித்தது. ஒரு வருடமாக என்னைப் படுத்திய ஒரு கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) சிக்கலுக்கு விடை அந்தக் குளிர்ந்த நடைவழியில்தான் கிடைத்தது.

எரிக் ஹோல்ஷர் என்ற டெவலப்பர் இதற்காகவே ஒரு விதி சொல்லியிருக்கிறார், பேக்-மேன் விதி என்று பெயர். நாலு பேர் வட்டமாக நின்று பேசும்போது, பழைய வீடியோ கேமில் வரும் பேக்-மேன் வாய் திறந்திருப்பதுபோல் இன்னொருவர் நுழைய இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஒருவர் வந்து சேர்ந்ததும் மறுபடி கொஞ்சம் நகர்ந்து இடைவெளி விட வேண்டும். போன வருடம் உங்களுக்கு அப்படி யாரும் இடம் விடவில்லை. இந்த வருடம் உங்கள் பேச்சு முடிந்ததும் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிவிடாதீர்கள். கதவருகே பத்து நிமிடம் நில்லுங்கள். கன்னடத்திலோ மலையாளத்திலோ இதே சிக்கலில் மாட்டிய யாராவது வருவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது, ஓரமாக ஒருவர் போனைப் பார்த்தபடி நிற்பது கண்ணில் பட்டால், அரை அடி நகர்ந்து நில்லுங்கள்.

முந்தின நாள் மாலையே பெங்களூர் போய்விடுங்கள். அரங்கத்தில் ஒலி ஒளி ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள், கேட்டால் விடுவார்கள். லேப்டாப்பைச் செருகி, அந்த ஒரு ஸ்லைடைத் திரையில் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். அங்கிருந்து ‘கு’ சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.