விமானத்தைக் கைமாற்றும்போது

கேள்வி: ஐயா, நான் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு மாணவன். வாட்சிம் என்ற இணைய விமானச் சிமுலேஷன் நெட்வொர்க்கில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக உட்கார்கிறேன். திரையில் ஹேண்ட்ஆஃப் (விமானத்தை ஒப்படைக்கும் குறிப்பு) கொடுத்து, அடுத்த செக்டர், அதாவது பக்கத்து வான்பகுதியின் கட்டுப்பாட்டாளர், ஏற்ற பிறகுதான் விமானியை அந்த அலைவரிசைக்கு அனுப்புகிறேன். அப்படியும் ‘சொல்லாமல் தள்ளிவிட்டாய்’ என்று அடுத்த செக்டர்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். எங்கே தப்பு?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, நீங்கள் கொடுத்தது ரேடார் திரையில் விமானத்தோடு வரும் லேபிளை மட்டும்தான். அதில் விமானத்தின் அழைப்புப் பெயர், உயரம், வேகம் தெரியும். நீங்கள் விமானியிடம் வாயால் சொன்னது தெரியாது.

பயிற்சிக் காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். சிமுலேட்டரில் ஒரு விமானத்தை இடிமேகத்துக்காக ஹெடிங் (விமானத்தின் மூக்கு நோக்கும் திசை) 170 டிகிரிக்குத் திருப்பியிருந்தேன். திரையில் கொடுத்தேன், பக்கத்து செக்டர் நண்பர் வாங்கிக்கொண்டார். வழக்கமான பாதையில்தான் வருகிறது என்று நினைத்து, இன்னொரு விமானத்தை அதே உயரத்துக்கு இறக்கிவிட்டார். நடுவே 5 நாட்டிகல் மைல் இருக்க வேண்டியது, 3 ஆகிவிட்டது. ஆசிரியர் பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டு, எழுந்து நிற்கச் சொன்னது என்னைத்தான். அது நியாயம்.

ஹெடிங், வேகக் கட்டுப்பாடு, இரு செக்டரும் பேசிவைத்ததற்கு மாறான உயரம் என்று எதைக் கொடுத்திருந்தாலும், விமானியை அனுப்பும் முன்பே அடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். ‘மேகத்துக்காக ஹெடிங் 170, வேகம் 280’. அவ்வளவு போதும். 480 நாட் வேகத்தில் போகும் ஜெட் நிமிடத்துக்கு 8 மைல் கடக்கும். எல்லைக்கு 40 மைல் இருக்கும்போதே பேசத் தொடங்கினால் 5 நிமிடம் கையில் இருக்கும். அப்புறம், இரண்டு விமானங்களுக்குள் இருக்கும் சிக்கலைத் தீர்க்காமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தால் இன்னொன்று. விமானி உங்களை அழைத்துவிட்டார் என்பதால் விமானம் உங்களுடையது ஆகிவிடாது. எல்லை தாண்டும்வரை அது பழைய செக்டரின் வானம். அதற்கு முன் திருப்பவோ இறக்கவோ வேண்டுமானால், அந்த செக்டர்காரரிடம் ‘ரிலீஸ்’, அதாவது அதற்கான அனுமதி, கேட்டு வாங்குங்கள். அவர் அதற்குக் கீழே வேறொன்றை ஏற்றிக்கொண்டிருக்கலாம். சிமுலேஷனில் பலர் இதை மதிப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் அருகே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வானத்தைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு மையம். ஆபத்தைத் தங்கள் திரையில் பார்த்த ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தார் சூரிச்சைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பராமரிப்பு வேலையால் இணைப்பு கிடைக்கவில்லை. செக்டர்களுக்கு இடையே உள்ள அந்தப் பேச்சுவழி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு அது ஒரு பொத்தானில் இருக்கிறது.

கேள்வி: அனுப்பிய விமானி அடுத்த அலைவரிசைக்கு வரவேயில்லை என்றால்?
– அதே வாசகர்

பதில்: முதலில் உங்கள் அலைவரிசையிலேயே கூப்பிட்டுப் பாருங்கள். எண்ணைத் தப்பாக வைத்துவிட்டு உங்களிடமே திரும்பியிருப்பார். நிஜ வானில் அடுத்து 121.5 என்ற அவசர அலைவரிசையில் தேடுவோம். வாட்சிமில் எழுத்துச் செய்தி அனுப்பலாம். அவர் கிடைக்கும்வரை அந்த விமானத்தின் மேல் இருவருக்குமே ஒரு கண் இருக்கட்டும்.