போட்டோகொப்பி மெஷின் திருத்த வெளியூர் சேர்விஸ் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூரப் பயணத்தைப் பற்றியவை. மெஷினின் மொடலையும் எரர் கோடையும் எழுதாமல் "கொப்பி சரியாக வரவில்லை" என்று மட்டும் கேட்டவர்களுக்கு வழக்கம்போலப் பதில் இல்லை.

கே: கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சேர்விஸ் வானில் போகப் புத்தளம் பாதையா, குருநாகல் பாதையா நல்லது? (வெள்ளவத்தை)

ப: தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் 400 கிலோமீற்றர் அளவுதான். நான் புத்தளம் பாதையைத்தான் சொல்வேன். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி நகர நெரிசலைக் கடந்துவிட்டால் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று சமதரையாகப் போகும். பிறகு நொச்சியாகம, அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா. குருநாகல் பக்கம் 2022இல் திறந்த மீரிகம அதிவேகப் பாதை நல்லதுதான். ஆனால் குருநாகலிலோ தம்புள்ளையிலோ உங்களுக்கு இன்னொரு வேலை இருந்தால்தான் அந்த வழி லாபம். புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் நடுவில் யானை வரும். அந்தத் துண்டை வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள். எந்த வழியில் போனாலும் 7, 8 மணி நேரம் ஒதுக்குங்கள்.

கே: ஹபரணைப் பக்கம் இரவில் யானை குறுக்கே வந்தால் ஹோர்ன் அடிக்கலாமா? (மாளிகாவத்தை)

ப: கூடாது. ஹை பீமையும் அடிக்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, லைட்டைத் தாழ்த்தி, அது போகும்வரை பொறுங்கள். உங்களை நோக்கி வந்தால் மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். புத்தல–கதிர்காமம் வீதியில் சிலர் செய்வதுபோல வாழைப்பழம் நீட்டாதீர்கள். அங்கே யானைகள் வாகனத்தை மறிக்கப் பழகியதே அப்படித்தான். அப்புறம், அந்த நேரத்தில் ஹபரணை வீதியில் உங்களுக்கு என்ன வேலை? கீழே மட்டக்களப்புக்குப் போகும் களனிக்காரருக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கே: அனுராதபுரத்தில் புது டோனர் போட்டும் கொப்பியில் புள்ளி புள்ளியாக விழுகிறது. டோனர் எப்போதும் என் வானிலேயே இருக்கும். கம்பனி மட்டமான டோனர் தருகிறதா? (வத்தளை)

ப: காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டோனர் என்பது அடிப்படையில் பிளாஸ்டிக் தூள். பியூசரில் 200 பாகையை ஒட்டிய சூட்டில் உருகிக் கடதாசியில் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. 50, 60 பாகையிலேயே அது இளகிக் கட்டிபடத் தொடங்கிவிடும். அனுராதபுர வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வானுக்குள் அந்தச் சூடு வர அதிக நேரம் எடுக்காது. கார்ட்ரிட்ஜைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். நல்ல டோனர் மணல்போல் ஓடும். கெட்டது 'டொக் டொக்' என்று இடிக்கும். டோனரை வெயிலில் விடாதீர்கள் என்று இந்தப் பகுதியில் பல தடவை எழுதிவிட்டேன். வேலைக்கு இறங்கும்போது பெட்டியையும் கையோடு உள்ளே கொண்டுபோங்கள். டிரம்மும் (டோனரைக் கடதாசிக்கு மாற்றும் உருளை) அப்படித்தான். அதற்குச் சூட்டோடு வெளிச்சமும் ஆகாது, கறுப்பு உறையைக் கடைசி நிமிடம் வரை கழற்றக்கூடாது.

கே: வான் ஓடும்போது ஒரு சத்தம் வருகிறது. என்ன செய்யலாம்? (கொட்டாஞ்சேனை)

ப: எந்த வான், என்ன சத்தம், எப்போது வருகிறது? உங்கள் வாடிக்கையாளர் இப்படிச் சொன்னால் நீங்கள் எரிச்சல்படமாட்டீர்களா? பிரேக் போடும்போது கரகரத்தால் பேட் தேய்ந்துவிட்டது. முழுக்க வெட்டித் திருப்பும்போது 'டக் டக்' என்றால் முன் அக்ஸிலின் சீவி ஜொயின்டைப் பாருங்கள். வேகம் கூடக்கூட ஊளையும் கூடினால் பெரும்பாலும் வீல் பேரிங். மூன்றும் இல்லையென்றால் விவரமாக எழுதுங்கள். அதுவரை வெளியூர் போகாதீர்கள்.

கே: மட்டக்களப்பில் ஒரு அலுவலகத்தில் காலை 9 மணிக்கு நிற்கவேண்டும் என்பார் எங்கள் சேர்விஸ் மெனேஜர். இரவு 1 மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்பட்டு, வேலையை முடித்துவிட்டு அன்றே திரும்புகிறேன். தூக்கம் வராமலிருக்கக் கோப்பியா, வெற்றிலையா, எனர்ஜி ட்ரிங்கா நல்லது? (களனி)

ப: எதுவும் நல்லதல்ல, தம்பி. இதே கேள்வியை வேறு வேறு ஊர்ப் பெயரோடு நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மனித உடம்பு இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை தூங்கத்தான் பார்க்கும். பிற்பகல் 2 முதல் 4 வரை இன்னொரு தடவை சோரும். நீங்கள் போவது முதலாவது நேரத்தில், திரும்புவது இரண்டாவது நேரத்தில். நடுவில் மெஷினைப் பிரித்து, தூக்கி, குனிந்து செய்யும் வேலை வேறு. முதல் நாள் காலை 6 மணிக்கு எழுந்து இரவும் தூங்காமல் போனவர் மட்டக்களப்பில் மெஷினின் கவரைத் திறக்கும்போதே 24 மணி நேரத்தைத் தாண்டியிருப்பார். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.10 வீதம் மதுவோடு இருப்பவருடையதற்குச் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டச் சட்டம் வைத்திருக்கும் எல்லையே 0.08 வீதம்தான். குடித்துவிட்டு ஓட்டு என்று எந்த மெனேஜரும் சொல்லமாட்டார். ஆனால் தூங்காமல் ஓட்டு என்று தினமும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

கண் திறந்தபடியே 4 செக்கன் தூங்கிப்போகும். 70இல் ஓடினால் அந்த 4 செக்கனில் வாகனம் 80 மீற்றர் அளவு போயிருக்கும். வெற்றிலை வாயை அசைக்கும். ரேடியோ காதை அடைக்கும். திறந்த கண்ணாடி முகத்தில் காற்றடிக்கும். இதில் எதுவும் தூக்கத்தைத் தீர்க்காது. கோப்பி வேலை செய்ய 20, 30 நிமிடம் பிடிக்கும். கண் செருகினால் வெளிச்சமும் ஆட்களும் உள்ள ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்தி, கோப்பியைக் குடித்து, சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் தூங்குங்கள். அது பாதியில் மாட்டியவருக்கான அவசர வைத்தியம். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள்.

வேலையும் கெடும். பியூசர் மாற்றும்போது தேர்மிஸ்டர் (சூட்டை அளக்கும் சென்சர்) கனெக்டர் முழுதாக உட்காராமல் பாதியில் நிற்கும்; சோர்ந்த விரலுக்கு அந்தச் சின்னக் 'கிளிக்' தெரியாது. டெஸ்ட் கொப்பி நன்றாகவே வரும். நீங்கள் பொலன்னறுவையைத் தாண்டும்போது "மறுபடி எரர்" என்று போன் வரும். அடுத்த கிழமை அதே 300 கிலோமீற்றர். ஒரு இரவுத் தங்குபடியை மிச்சம் பிடித்த கம்பனிக்கு என்ன கிடைத்தது?

மெனேஜரிடம் சண்டை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். முதல் நாள் காலை புறப்பட்டு, வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்து, அங்கே தங்கி, மறுநாள் 9 மணிக்கு வேலை. அதோடு வாழைச்சேனை, காத்தான்குடி, கல்முனையில் நிற்கும் வேலைகளையும் சேர்த்து ஒரே பயணமாக்கச் சொல்லுங்கள். புறப்படுமுன் போனில் எரர் கோடைக் கேளுங்கள், உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கடதாசித் துண்டு சிக்கியதற்காக மாகாணம் தாண்டிப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை அங்கிருப்பவரே எடுத்துவிடலாம். இவ்வளவும் சொன்ன பிறகும் இரவு 1 மணிக்குத்தான் போகவேண்டும் என்றால், அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள். பல மெனேஜர்கள் அந்த இடத்தில் இறங்கி வருவார்கள். இரவில் புறப்படாதீர்கள்.

கே: தடிமன் மாத்திரை போட்டுக்கொண்டு காலி வரை ஓட்டலாமா? (தெஹிவளை)

ப: பிரிட்டோன் என்றால் வேண்டாம், தூக்கம் வரும். தூக்கம் வராத மாத்திரை எது என்று பார்மசியில் கேளுங்கள். அதையும் முதலில் வீட்டில் இருக்கும் நாளில் போட்டுப் பாருங்கள்.

கே: பஞ்சிகாவத்தையில் பாவித்த டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பூவும் (தரையில் படும் வெட்டு) நன்றாக இருக்கிறது. மாத்தறை அதிவேகப் பாதைக்குத் தாங்குமா? (மருதானை)

ப: பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டியது என்றால் எனக்கு வேண்டாம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெடிப்பு விடும். 100இல், முழுப் பாரத்தோடு, பகல் சூட்டில் அது பிரிந்தால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஸ்பேர் வீலுக்கும் சேர்த்துத்தான்.

கே: நுவரெலியாவிலிருந்து ஒரு போட்டோகொப்பி மெஷினைக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டும். படுக்கவைக்கலாமா? (கிராண்ட்பாஸ்)

ப: ஒருபோதும் கூடாது. டோனரையும் கழிவு டோனர் பெட்டியையும் கழற்றுங்கள், ஸ்கேனர் லொக்கைப் போடுங்கள், நிமிர்த்தி வைத்து இரண்டு பக்கமும் பட்டியால் இறுக்குங்கள். றம்பொடை இறக்கத்தைத் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஓட்டோ கியர் என்றால் 2 அல்லது எல். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறி, அடியில் தேவைப்படும்போது பிடிக்காது.

கே: டூல் பெட்டியைப் பின் சீட்டில் வைப்பதால் என்ன பிரச்சினை? ஐபிஏ (துடைக்கும் அல்கஹோல்) போத்தலையும் அதிலேயே வைக்கலாமா? (வெள்ளவத்தை)

ப: 60இல் போய் எதிலாவது மோதினால் 15 கிலோப் பெட்டி உங்கள் பிடரிக்கு வரும். முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்துக் கட்டுங்கள். ஐபிஏ எளிதில் தீப்பற்றும். சின்னப் போத்தலில், மூடி இறுக்கி, நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் நிறுத்தும்போது டோனரோடு சேர்த்து அதையும் வெளியே எடுத்துவிடுங்கள்.