மாரி இரவுகளில் ஆறு அடி வீதம்

கேட்டிருந்த கேள்வி இது: "குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியிருக்கிறது. மின்னூல்களையும் இணையத்தில் கூடி வாசிக்கிறவர்களையும் வைத்து வாசிப்பை, முக்கியமாகக் கவிதையை, எப்படி ரசிக்கலாம்?"

எங்களுக்குப் பனி கொட்டுகிற குளிர்காலம் கிடையாது. நான் இருப்பது இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம். இங்கே குளிர்காலம் என்றால் மாரிதான். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும். பெரும்போக வயல் பச்சை பிடித்து நிற்கும், ஒழுங்கை முழுக்கச் சேறு, மழை மூடினால் பின்னேரம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். மார்கழியில் வாடைக்காற்றும் சேர்ந்துவிட்டால் போர்வையை விட்டுக் கை வெளியே வராது. நான் தையல் வேலை செய்கிறேன். அந்த மாதம் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற மாதம். மெஷினை மூடி வைக்க இரவு எட்டு மணியாகும். அதற்குப் பிறகு கிடைக்கிற ஒரு மணித்தியாலம்தான் எனக்கு வாசிப்பு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாரியில் கவிதையைக் கொஞ்சமாக வாசியுங்கள், சத்தமாக வாசியுங்கள், யாராவது கேட்க வாசியுங்கள். போனும் மின்னூலும் அதற்கு நல்ல துணை.

இந்தப் பழக்கம் எனக்குப் போனில் வந்ததில்லை, விளக்கில் வந்தது. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, கொஞ்ச எண்ணெயில் நனைத்துத் திரி ஏற்றுவார்கள். சுடர் விரல் நுனி அளவுதான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் ஒருவர்தான் வாசிக்கலாம். அதனால் அப்பா வாசிப்பார், மற்ற எல்லோரும் கேட்டுக்கொண்டு கிடப்போம். மழை கிடுகுக் கூரையில் விழுகிற சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். கவிதை என்றால் காதால் கேட்கிற பொருள் என்று எனக்குள் பதிந்தது அப்படித்தான்.

அப்பாவிடம் ஒரு இரும்புப் பெட்டி நிறையப் புத்தகங்களும் இதழ்களும் இருந்தன. போரில் கடைசி இடப்பெயர்வின்போது வீட்டுக்குப் பின்னால் அதைப் புதைத்துவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்து தோண்டியபோது தண்ணீர் இறங்கி, தாள் எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. பிரிக்கப் பார்த்தால் களிமண் மாதிரி விண்டு வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கட்டியை அப்படியே திரும்ப வைத்து மூடிவிட்டார்.

அதனால்தான் 'நூலகம்' என்ற இணையத்தளத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். 2005இல் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் ஊர் மலர்களையும்கூடப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் போயின. அதைக் கண்ட சனத்துக்கு, ஒரு புத்தகம் ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்பது படித்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

அப்பாவின் பெட்டியில் அதிகம் இருந்தது மல்லிகை. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மாத இதழ். ஒரு மழை இரவில் நூலகம் தளத்தில் அதைத் தேடி எடுத்து, பழைய இதழ் ஒன்றை அப்பாவுக்குக் காட்டினேன். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். "கொஞ்சம் பெரிசாக்கு பிள்ளை" என்றார். இரண்டு விரலால் விரித்தேன். பக்கத்தின் ஓரத்தில் யாரோ பேனையால் கணக்குப் போட்டிருந்தார்கள். சீனி, தேயிலை, அதற்குக் கீழே ஒரு கூட்டுத்தொகை. அப்பா கவிதையை விட்டுவிட்டு அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஆரின்ரையோ வீட்டிலை இருந்த புத்தகம்" என்றார். அன்றைக்கு இரவு பதினொரு மணி வரை விடவில்லை.

இன்னொரு பக்கம் பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம் என்ற இணையத்தளம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தட்டெழுதிச் சேர்த்தது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, மாரியில் அது முக்கியம். ஸ்கேன் செய்த பீடிஎஃப் பாரமானது, மழைக்குள் சிக்னல் விழுந்தால் பாதியில் நின்றுவிடும். தட்டெழுதிய நூல் மிகவும் சிறியது, நொடியில் இறங்கும், எழுத்தையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். அதனால் நான் ஸ்கேன் இதழ்களை எல்லாம் புரட்டாதியிலேயே, டவுனுக்குப் போகிற நாளில் இறக்கி வைத்துவிடுவேன். மழை நாளில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பவர் பாங்கைப் பகலிலேயே சார்ஜில் போடுங்கள்.

இன்னொன்று, இதை எங்கேயும் எழுதி நான் பார்க்கவில்லை. முதல் மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பும். இருட்டில் போனைத் திறந்தால் அந்த வெளிச்சத்துக்கு எல்லாம் வந்து மொய்த்துவிடும். எழுத்தின் மேல் வந்து உட்கார்ந்து செட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊரும். துடைக்கப் போனால் பக்கம் தானாகப் புரளும். நுளம்பு வலைக்குள் போய், நாலு பக்கமும் பாயின் கீழ் செருகிவிட்டு, திரையைக் கறுப்பாக்கி எழுத்தை மட்டும் வெள்ளையாக வையுங்கள். அந்த வலைக்குள் ஒரு சின்ன அறை மாதிரி இருக்கும். வெளியே தவளை கத்தும். எனக்கு அதைவிட நல்ல வாசிப்பறை தெரியாது.

உயிரோடு இருக்கிற கவிஞர்களின் புதுப் புத்தகங்களைக் களவாகப் பீடிஎஃப் ஆக்கிக் குழுக்களில் அனுப்புகிறார்கள். அந்தக் களவுப் பிரதிகளை வாசிக்காதீர்கள். கவிதைப் புத்தகம் முந்நூறு பிரதி விற்பதற்கே ஒருவர் எவ்வளவு அலைகிறார் என்று கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, கூடி வாசிப்பதற்கு வருகிறேன். எங்களுடையது பதினொரு பேர் உள்ள ஒரு வட்ஸ்அப் குழு. 2021 மாரியில், கொரோனா நேரத்தில் தொடங்கினோம். கிளிநொச்சியில் மூன்று பேர், மன்னாரில் ஒருவர், ஒஸ்லோவில் இரண்டு பேர், ரொறன்ரோவில் ஒரு அக்கா, மற்றவர்கள் எங்கள் பக்கம். இங்கே இரவு எட்டரை என்றால் ஒஸ்லோவில் பின்னேரம் நான்கு மணி, டிசம்பரில் அதற்குள் அங்கே சூரியன் இறங்கிவிடும். ரொறன்ரோவில் காலை பத்து. ஒருவர் அன்றைய பங்கைக் குரல் பதிவாக வாசித்துப் போடுவார். மற்றவர்கள் கேட்டுவிட்டு, தோன்றியதைச் சொல்வார்கள். காலை வணக்கப் படங்கள் போடக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். பெரிய குழுக்களிலும் இருந்து பார்த்தேன். அங்கே கவிதை வரும், கீழே நாற்பது கைதட்டல் வரும், அடுத்த கவிதை வந்து அதை மூடிவிடும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

2023இல் நாங்கள் எடுத்தது நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடி. இரவுக்கு ஆறு அடி என்று வைத்தோம். டிசம்பர் 1 தொடங்கினால் 32ஆவது இரவு, ஜனவரி 1 அன்று முடியும். எங்களில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தலைப்பில் உள்ள வாடை எங்களுக்குத் தெரிந்த சொல். முல்லைத்தீவுக் கடற்கரையில் இன்றைக்கும் "வாடை பெயர்ந்திட்டுது" என்று சொல்லித்தான் வலையைப் பற்றி யோசிப்பார்கள்.

முதல் இரவின் ஆறு அடியில், மழை பொழிந்து வெள்ளம் வர, இடையர்கள் மாட்டு மந்தையை வேறு நிலத்துக்குச் சாய்த்துக்கொண்டு போகிறார்கள். பழகிய இடத்தை விட்டுப் போகிற துயரத்தை "புலம்பெயர் புலம்பொடு கலங்கி" என்று பாட்டுச் சொல்கிறது. ரொறன்ரோ அக்காவின் குரல் பதிவு கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "புலம்பெயர்ந்தவை எண்டு எங்களைச் சொல்லுற சொல்லை நான் செய்தியிலைதான் கேட்டிருக்கிறன். அது மாட்டோடை மழைக்குள்ளை நடந்தவனின்ரை சொல் எண்டு எனக்குத் தெரியாது." அன்றைக்கு வேறு யாரும் ஒன்றும் எழுதவில்லை.

இரண்டாம் இரவு குளிர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, மந்தி கூனிக் குறுகுகிறது, மரத்தில் இருந்த பறவை கீழே விழுகிறது, "கறவை கன்றுகோள் ஒழியக் கடிய வீசி", குன்றையே குளிரச் செய்தது போன்ற நடு இரவு. நான் வாசித்து முடிக்க, பக்கத்தில் கிடந்த அப்பா எழும்பி இருந்துவிட்டார். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வீசிய குளிர்காற்றில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. எங்களுடையது மூன்று. "மடி விறைச்சால் மாடு கன்றை ஊட்ட விடாது, உதைச்சுத் தள்ளும். இதை எழுதினவன் மாடு வளர்த்தவன்" என்றார் அப்பா. அதை அப்படியே பதிவு செய்து குழுவில் போட்டேன். நான் பார்த்த உரையில் சொல்லுக்குப் பொருள் இருந்தது, மடி விறைப்பது இருக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவும் எங்கள் பன்னிரண்டாவது ஆள், போன் இல்லாத ஆள்.

இடையில் சில இரவுகள் கடினமாகப் போயின. அரண்மனையின் கதவும் கட்டிலும் வருகிற பகுதி எங்களுக்கு ஓடவில்லை, வெறுமனே வாசித்துக் கடந்தோம். ஆனால் அதற்கு முன் ஒரு இடம். மழை மூடிக் கிடப்பதால் பொழுது தெரியாத பெண்கள், தட்டில் இட்ட பிச்சி அரும்பு விரிந்து மணப்பதை வைத்து மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். மன்னாரில் இருப்பவர் மறுநாள் தன் வீட்டு மல்லிகை அரும்பைத் தட்டில் வைத்துப் பார்த்தார். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மணந்தது என்று எழுதினார்.

ஆறு அடி வீதம் போனதில் கடைசி இரவுக்கு இரண்டு அடிதான் மிஞ்சியது. அரசன் போர்ப் பாசறையில் இருக்கிறான். நடு இரவிலும் தூங்காமல், காயப்பட்டுக் கிடக்கிற வீரர்களைப் பார்க்கச் சிலரோடு திரிகிறான். வீட்டில் அரசி அவனுக்காக அழுதுகொண்டிருக்கிறாள். அந்த இரண்டு அடியை நான்தான் வாசித்தேன். வெளியே தூறல். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் வரும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அவன் திரும்பி வந்தவனோ?" என்று கேட்டார்.

"பாட்டு இதோடை முடியுது அப்பா" என்றேன்.

"பிள்ளை, முதலிலை இருந்து வாசி" என்றார். மறுநாள் எட்டரைக்கு அதே முதல் ஆறு அடியைக் குழுவில் போட்டேன்.